கரிசலில் ஒரு கோல்ஃப் குழி

நல்ல பூமின்னா சொன்னீங்க? அண்ணாச்சி, இன்னொரு தடவை சொல்லுங்க. ஜன்னலுக்கு வெளிய தெரியுதே, இந்தக் கரிசலையா? சரிதான். நீங்க வெளியூரு, உங்க மேல தப்பில்ல. பாக்குறதுக்கு நல்லாத்தான் இருக்கும். கறுகறுன்னு, பருத்தியும் மிளகாயும் நின்னா கண்ணை எடுக்க முடியாது. ஆனா அதுல ஒரு பந்தை உருட்டிப் பாருங்க, அப்பத் தெரியும் அதோட லட்சணம்.

எந்தப் பந்தா? கோல்ஃப் பந்து.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிச்சவங்கதான். கொஞ்சம் அந்தப் பையைத் தள்ளி வைங்க, காலை நீட்டிக்கிடுறேன். திருச்செந்தூர் போறவரைக்கும் பொழுது போகணும்ல.

நான் சங்கரபாண்டியன். ஊரு விளாத்திகுளம். முப்பத்தி மூணு வருஷம் சர்வேயர். இந்தத் தாலுகாவுல நான் மிதிக்காத வரப்பு கிடையாது பாத்துக்கிடுங்க. மண்ணைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. என் வீட்டுக்காரி சண்பகவடிவு எடுக்கப் பாத்தா. "கரிசல்ல அதெல்லாம் நிக்காதுங்க. தண்ணி பட்டா இளகும், வெயில் பட்டா வெடிக்கும்"னு மொத நாளே சொன்னா. அவளுக்கு என்ன தெரியும்? இருபது ஏக்கர் கரிசக்காட்டுல பொறந்து வளந்தவ, அம்புட்டுதான். சர்வே படிச்சிருக்காளா?

விஷயத்துக்கு வாரேன். எனக்கு ஒரே மக, இந்துமதி. மூணு எடம் வந்து தட்டிப்போச்சு. ஒருத்தன் படிப்பு அதிகம்னான், ஒருத்தன் உசரம் அதிகம்னான், மூணாவது ஆளு காரணமே சொல்லல. நாலாவதா கோயமுத்தூர்ல இருந்து ஒரு எடம். மாப்பிள்ளை பேரு பிரபாகரு, தங்கமான பையன். அவங்க அப்பா மிலிட்டரியில கர்னலா இருந்து ரிட்டயர் ஆனவரு. தெய்வசிகாமணின்னு பேரு. மீசையப் பாத்தாலே எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கும். தை மாசம் பொண்ணு பாக்க வந்தாங்க. கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆச்சு. அந்தப் பேச்சு, இந்தப் பேச்சு. திடீர்னு என்னைப் பாத்து, "ரிட்டயர் ஆயிட்டீங்களே, பொழுது எப்படிப் போகுது?"ன்னாரு. நான் பதில் சொல்றதுக்குள்ள, "நான் தினம் காலையில கோல்ஃப் ஆடுவேன்"ன்னு அவரே சொல்லிட்டாரு.

நீங்களே சொல்லுங்க. அம்புட்டுப் பெரிய மனுசன் கோல்ஃப்ங்கிறாரு. நான் என்ன, வேப்ப மரத்தடியில உக்காந்து காக்காய எண்ணுறேன்னா சொல்ல முடியும்? "நானும் அதேதான் சார்"னுட்டேன். அவரு கண்ணு விரிஞ்சிருச்சு. "எங்க ஆடுறீங்க?"ன்னாரு. வாய் இருக்கே, அது பாட்டுக்குப் போகுது. "வீட்டுக்குப் பின்னாடியே சின்னதா ஒரு கிரீன் போட்டிருக்கேன் சார். இப்ப கொஞ்சம் மராமத்து நடக்குது, அடுத்த தடவை காட்டுறேன்"னுட்டேன். ஒரு காலத்துல மலைமேல ஒரு கிளப்புக்கு எல்லைத் தகராறுல அளக்கப் போயிருந்தேன். கிரீன்னா என்னன்னு அங்க பாத்ததுதான். புல்லுத் தரையில ஒரு குழி, அதுல ஒரு கொடி. பந்தைக் கம்பால மெல்லத் தட்டிக் குழியில விடணும். அம்புட்டுதான் விளையாட்டு.

பொய்யின்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. சண்பகவடிவும் அப்படித்தான் சொன்னா. பொய் இல்ல. கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டேன். போட்டுட்டுச் சொல்றதுக்குப் பதிலா சொல்லிட்டுப் போடுறேன், வித்தியாசம் அம்புட்டுதான்.

"பிரமாதம்! பங்குனியில பையனுக்கு லீவு. தேதி குறிக்க வாரோம். அப்ப என் ஸ்டிக்கையும் எடுத்துட்டு வாரேன், ரெண்டு பேரும் ஆடுவோம்"னு என் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டுப் போயிட்டாரு கர்னலு.

முன்னாடி வந்த மூணு தடவையும், கார் தெரு திரும்புறதுக்குள்ள இந்துமதி பட்டுச்சேலைய மாத்திரும். அன்னிக்கு மாத்தல. விளக்கு வைக்கிற வரைக்கும் அதே சேலையோட, பூவோட ஊஞ்சல்ல உக்காந்திருந்துச்சு. பாத்தேன். பொய் சொன்ன வீட்டுல பொண்ணு எடுப்பாங்களா? என் வாயால பிள்ளை வாழ்க்கை போச்சுன்னு ஆயிரக் கூடாதுல்ல. ரெண்டு மாசம் இருக்கு. போட்டுர வேண்டியதுதான்னு எறங்கிட்டேன்.

பின்னாடி அறுபதுக்கு முப்பது அடி எடம். ரெண்டு எருமையும், விறகுக்கு அடுக்கின ஒரு பருத்திமார் படப்பும் கிடந்துச்சு. படப்பைப் பிரிச்சேன். எருமையப் பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி தொழுவத்துல கொண்டு கட்டினேன். கண்மாய்க்கரையில இருந்து அருகம்புல்லு வெட்டியாந்து நட்டேன். நட்டுட்டுத் தண்ணி பாய்ச்சினேன் பாருங்க, ஐயையோ! கரிசலுக்குத் தண்ணி காட்டிட்டு உள்ள காலை வைக்கலாமா? ஒரு எட்டு வச்சேன், செருப்பு போச்சு. அதை எடுக்க அடுத்த எட்டு வச்சேன், அதுவும் போச்சு. காலைத் தூக்கினா முழங்கால் வரைக்கும் மண்ணு அப்பி, யானைக் கால் மாதிரி இருக்கு. நடுவுல நின்னுக்கிட்டு, "ஏளா, ஒரு பலகையக் கொண்டா"ன்னு கத்துறேன். சண்பகவடிவு பலகையப் போட்டா. போட்டுட்டு, "சொன்னேன்ல"ன்னா. நான் அதைக் காதுல வாங்கல. இந்துமதி பின்வாசல்ல நின்னு போன்ல போட்டோ எடுத்துச்சு. அப்பா கஷ்டப்படுறாருன்னு பிள்ளைக்கு ஒரு பாசம்.

சரி, தரை மேடு பள்ளமா இருக்கு, அமுக்கணும். ஹைஸ்கூல் கிரவுண்டுல ஒரு கல் உருளை கிடக்கும். பி.டி. வாத்தியாரைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியாந்து உருட்டினேன். ரெண்டு உருட்டு நல்லா உருண்டுச்சு. மூணாவதுல நின்னுச்சு. நின்னது அப்படியே உள்ள எறங்க ஆரம்பிச்சுருச்சு அண்ணாச்சி! நான் இழுக்க இழுக்க அது எறங்குது. சாயங்காலத்துக்குள்ள கைப்பிடி மட்டும் வெளிய தெரியுது. பி.டி. வாத்தியார் தினம் வந்து, ஆஸ்பத்திரியில ஆளைப் பாக்குற மாதிரி, ஒண்ணும் பேசாம பாத்துட்டுப் போவாரு. ஒருநா ரெண்டு ஆரஞ்சுப் பழம் கூட வாங்கிட்டு வந்தாரு. எனக்கா, உருளைக்கான்னு நான் கேக்கல. மண்ணு காஞ்சப்புறம் டிராக்டர் வச்சுத்தான் இழுத்தோம். அதையும் இந்துமதி படம் எடுத்துச்சு. போனைப் பாத்துப் பாத்து தனக்குள்ளயே சிரிச்சுக்கிடும். பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணக் களை வந்துட்டா அப்படித்தான்.

எருமையக் கேக்காதீங்க. பழகின எடம்ல? வேலிய மிதிச்சுக்கிட்டு வந்து, நட்ட புல்லு பூராவையும் மேஞ்சுட்டு, அது மேலயே படுத்துருச்சுக. போகட்டும்னு விட்டேன்.

மாசி பிறந்துச்சு. வெயிலு. தரை காஞ்சு வெடிக்க ஆரம்பிச்சுச்சு பாருங்க, கை நுழையுற அகலத்துக்கு வெடிப்பு. கோல்ஃப்ல ஒரு எடத்துல ஒரு குழிதானே இருக்கணும்? என் கிரீன்ல முந்நூறு குழி. எங்க தட்டினாலும் உள்ள போகும். மொதல்ல எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு, நமக்கு ஆட்டம் கைவந்துருச்சுன்னு. எங்கிட்ட பந்து ஏது? எலுமிச்சம்பழத்த வச்சுப் பழகினேன். குடைக்கம்பால ஒரு தட்டு, போயிரும் உள்ள. எடுக்க முடியாது. இன்னொரு பழம். அதுவும் போயிரும். நாலு நாள்ல ஒரு கூடைப் பழம் பூமிக்குள்ள.

அஞ்சாம் நாளு முத்துப்பேச்சி எருமையப் பிடிக்க வந்திருக்கா. வெடிப்புக்குள்ள பாத்தா, எங்க பாத்தாலும் எலுமிச்சம்பழம். போட்டா பாருங்க ஒரு கூப்பாடு! "ஏ ஆத்தா சண்பகவடிவு! உம் மக கல்யாணத்தக் கெடுக்க எவனோ செய்வினை வச்சுட்டான்டி! ஒண்ணு ரெண்டு இல்லடி, காடு பூரா புதைச்சு வச்சிருக்கான்!" தெருவே கூடிருச்சு. குறி சொல்ற கோடாங்கியக் கூப்பிட ஆளு அனுப்பிட்டா. அந்தக் கோடாங்கியும் வந்து, பாத்து, "இம்புட்டு வேலை செய்யணும்னா ஆளு மலையாளத்துக்காரனாத்தான் இருக்கணும்"னு அடிச்சுச் சொல்றான். வேற வழியில்லாம, தெருவே பாக்க, "நாந்தான்யா அது"ன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் ஒரு வாரம் எவனும் என் வீட்டுப் பக்கம் வரல.

முத்துப்பேச்சி மட்டும் வந்தா. அவளுக்கு மூணு ஏக்கர்ல மிளகாய். பேச்சு கொஞ்சம் சாட்டையா இருக்கும், மனசு தங்கம். "என்னதான் வேணும் உங்களுக்கு?"ன்னா. சொன்னேன். தரை சமமா இருக்கணும், வெடிக்கக் கூடாது, எறங்கக் கூடாது, பந்து உருளணும். இடுப்புல கைய வச்சுக்கிட்டு என்னையும் தரையையும் மாறி மாறிப் பாத்தா. "இதுக்கா இம்புட்டு நாளா உருள்றீரு? களம் போட்டுருவோம்"ன்னா.

களம்னா தெரியும்ல? கதிரடிக்கிற களம், வத்தல் காயப் போடுற களம். எங்க ஊரு பொம்பளைக அதைப் போட்டா சிமிண்டுத் தரை தோத்துப்போகும். மேல ஒரு சாண் கரிசலைச் செரைச்சு எடுத்துட்டு, சரள் மண்ணைப் பரப்பி, தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டையால இடி இடின்னு இடிச்சா. முத்துப்பேச்சியும் சண்பகவடிவும் இன்னும் நாலு பொம்பளைகளுமா மூணு நாளு. நான் நின்னு லெவல் பாத்தேன். முக்கியமான வேலை அதான். கடைசியா சாணியும் பதரும் கரைச்சு மெழுகினாங்க. அடடா, தாம்பாளம் கணக்கா இருந்துச்சு அண்ணாச்சி. ஒரு எலுமிச்சம்பழத்த விட்டேன், இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிக்கு ஓடுது.

ஆனா பச்சையா இல்ல. கிரீன்னா பச்சையா இருக்க வேண்டாமா? வீட்டுல மிச்சம் கிடந்த பச்சை டிஸ்டம்பரச் சாணியில கரைச்சு, நானே என் கையால ஒரு பூச்சு பூசினேன். நல்ல பாசிப்பயறு நெறம். அது காயறதுக்குள்ள முத்துப்பேச்சி கோழிக எறங்கிருச்சு. தெரு பூரா பச்சைக் காலோட ஒரு வாரம் திரிஞ்சுச்சுக. நடுவுல ஒரு பாத்திரத்தைப் புதைச்சுக் குழி ரெடி பண்ணினேன். பழைய சர்வே கம்புல கொடிய ஏத்தினேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. பிள்ளை கல்யாணம் நின்னுருச்சு இனிமேன்னு, மனசுல இருந்த பாரம் பூரா எறங்கிருச்சு. நிலைச்சு நின்னுருச்சுங்கிற அர்த்தத்துல சொல்றேன், நீங்க வேற ஒண்ணு நெனைக்காதீங்க.

பங்குனி எட்டாந்தேதி, புதன்கிழமை. பதினோரு மணிக்கு வாரோம்னாங்க. நான் பூவும் பழமும் வாங்கக் கடைவீதிக்குப் போனேன். ஒரு மணி நேரம், அதுக்கு மேல இல்ல. திரும்பி வந்து பின்வாசலைத் திறந்தா, என் கிரீனைக் காணோம்!

செக்கச் செவேல்னு கிடக்கு. அறுபதுக்கு முப்பதும் மிளகாய்ப் பழம். முத்துப்பேச்சி வெளக்குமாத்தால தள்ளிப் பரப்பிக்கிட்டிருக்கா. "அடிப் பாவி! என்ன காரியம் பண்ணிட்டே?"ன்னேன். அவ நிமிந்து பாத்து, "ஏன், களம் போட்டவ காயப் போட மாட்டாளா? நல்ல நாளு அன்னிக்குப் புதுக் களத்தை வெறுசாப் போடக் கூடாது. ஒங்க மவ கல்யாணத்துக்குத்தான் நல்லது"ங்கிறா. சண்பகவடிவைப் பாத்தேன். ஓரமா அவளும் கூழ் வத்தல் பிழிஞ்சுக்கிட்டிருக்கா! "எடம் சும்மா கிடந்துச்சு"ங்கிறா. வெளிய கார் ஹாரன் அடிக்குது.

கர்னலு நேரா பின்பக்கம்தான் வந்தாரு, கையில ஸ்டிக்கோட. பாத்தாரு. நான் சமாளிச்சேன். "சார், இது ஹசார்டு, பந்துக்கு வைக்கிற தடை. வெளிநாட்டுல மணல் போடுவாங்க. நம்ம ஊருல மிளகாய்"னேன். "ஓஹோ"ன்னாரு. மீசை மட்டும் லேசா ஆடுச்சு. முத்துப்பேச்சி நடுவுல ஒரு பாதை ஒதுக்கிக் குடுத்தா. பையில இருந்து ஒரு வெள்ளைப் பந்தை எடுத்து வச்சு, குனிஞ்சு, மெல்ல ஒரு தட்டு தட்டினாரு. பந்து கோணலாப் போயி மிளகாக் குவியலுக்குள்ள பூந்துருச்சு.

நான் எடுக்கிறேன்னு ஓடுறதுக்குள்ள அவரே கையை விட்டுட்டாரு. துழாவு துழாவுன்னு துழாவிப் பந்தை எடுத்தாரு. வெயில்ல நெத்தி வேர்த்திருச்சு. அந்தக் கையாலயே கண்ணைத் துடைச்சாரு.

போச்சு! சண்டைக்குப் போன மனுசன், "அம்மா"ன்னு அலறினாரு பாருங்க. சம்பந்தியம்மா ஓடி வந்து, "ஐயோ, என்னங்க ஆச்சு, இவங்க வீட்டுல என்ன பண்ணிட்டாங்க"ன்னு ஒரே அழுகை. மாப்பிள்ளை தண்ணிக்கு ஓடுறான். சண்பகவடிவுதான் பதறாம, அவரு கையில நல்லெண்ணெயத் தேச்சுக் கழுவி, கண்ணுல பச்சத்தண்ணிய அடிச்சு, பால்ல நனைச்ச துணியப் போட்டு, நாற்காலியில சாய்ச்சு உக்கார வச்சா. இந்துமதி தூணுக்குப் பின்னாடி, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி நிக்குது. அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்குத் தாங்கல.

அவரு பக்கத்துல போயித் தரையில உக்காந்தேன். கண்ணு மூடியிருக்கிற ஆளுக்கிட்ட உண்மை சொல்றது கொஞ்சம் சுலபம். "கர்னல் சார், நான் கோல்ஃபே ஆடினதில்ல. கிரீனும் இல்ல. அன்னிக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். என் மேல என்ன கோவம் வேணும்னாலும் படுங்க. பிள்ளை மேல வச்சிராதீங்க. அது ஒரு பாவமும் அறியாதது"ன்னேன்.

துணிக்கு அடியில இருந்து, "தெரியும்"னாரு.

"எது சார்?"

"அன்னிக்கே தெரியும். கை கழுவப் பின்னாடி வந்தேன்ல? உங்க கிரீன்ல ரெண்டு எருமை படுத்திருந்துச்சு." துணியச் சரி பண்ணிக்கிட்டு, "உங்க செருப்பு கிடைச்சுதா?"ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. செருப்பு போனது இவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம்ல சொல்றாரு! இந்துமதி எடுத்த படம் பூரா மாப்பிள்ளைக்குப் போயிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல எல்லாருக்கும் காட்டியிருக்காரு. ரெண்டு மாசமா சாயங்காலக் காபிய வச்சுக்கிட்டு, இன்னிக்கு சம்பந்தி என்ன பண்ணினாருன்னு குடும்பமே உக்காந்து பாத்திருக்கு. "உருளை எறங்கின அன்னிக்கு என் தங்கச்சி போன் பண்ணி, அது வெளிய வந்துருச்சான்னு கேட்டா"ங்கிறாரு. என் மக அப்பாவோட உழைப்பைக் கோயமுத்தூர் வரைக்கும் கொண்டுபோயிருக்கு பாருங்க, அந்த மாதிரிப் பிள்ளை கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

அப்புறம் துணிய எடுக்காமயே என் கையத் தேடிப் பிடிச்சாரு. "பொண்ணுக்காக ரெண்டு மாசம் சேத்துல உருண்ட மனுசன் வீட்டுல சம்பந்தம் வேண்டாம்னு சொல்றதுக்கு நான் என்ன முட்டாளா சம்பந்தி?"ன்னாரு. சம்பந்தின்னாரு அண்ணாச்சி! அந்த ஒரு வார்த்தைக்கு நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். மிளகாக் காரம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வைகாசி பத்தாந்தேதின்னு முகூர்த்தத்தக் குறிச்சோம்.

கிளம்புறப்ப, "ஒரே ஒரு தட்டு தட்டிட்டுப் போறேன்"னாரு. கண்ணு ரெண்டும் இட்லி மாதிரி வீங்கிக் கிடக்கு, ஒண்ணும் தெரியல. கொடி இருக்கிற பக்கம் பாத்து நானே பிடிச்சு நிக்க வச்சேன். தட்டினாரு. பந்து கொடிக்கு நேர் எதிர்ப் பக்கம் போயி, சண்பகவடிவு பிழிஞ்ச கூழ் வத்தலுக்குள்ள சொருகிருச்சு.

"விழுந்துச்சா?"ன்னாரு. முகத்த ஒரு மாதிரி நிமித்திக்கிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி கேக்குறாரு.

"விழுந்துருச்சு சம்பந்தி!"ன்னேன்.

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. மொத ஆளா சம்பந்தியம்மா கையத் தட்டினாங்க. மாப்பிள்ளை தட்டினாரு, இந்துமதி தட்டுச்சு, முத்துப்பேச்சி குலவையே போட்டுட்டா. பொய்யே பிடிக்காதவ சண்பகவடிவு. அவ சத்தமில்லாமப் போயி, வத்தலுக்குள்ள இருந்து பந்தை எடுத்து, முந்தானையில தொடைச்சு, குழியில கொண்டு போட்டா. போட்டவ அப்படியே நின்னுட்டா. குழியில புதைச்சிருந்தது அவ அப்பா சீருல குடுத்த பித்தளை அரைப்படி. ரெண்டு வாரமா வீடு பூராத் தேடிக்கிட்டிருந்தா. என்னை ஒரு பார்வை பாத்தா, அதைப் பத்தி இப்ப வேண்டாம்.

அதுக்கப்புறம் அவரு போற எடமெல்லாம், "முப்பது வருஷமா ஆடுறேன், கண்ணை மூடிக்கிட்டு ஒரே தட்டுல குழியில போட்டது எங்க சம்பந்தி கிரீன்லதான்"னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. கல்யாணப் பந்தியில சொன்னாரு, வளைகாப்புல சொன்னாரு. நேத்துக்கூட டீக்கடையில சொன்னாரு. அந்த மனுசன் சந்தோசத்த நான் ஏன் கெடுக்கணும்? இது ஒண்ணுதான் அண்ணாச்சி, அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீங்க வெளியாளு, அதனால சொன்னேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். பேரனுக்கு மொட்டை போடத்தான் போறோம். வண்டியில பொம்பளைகளும் பாத்திரமுமா எடமில்ல, நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸுல ஏறிட்டோம். ஜன்னல் சீட்டுக்காக முன்னாடி போயிட்டாரு. நமக்கு முன் சீட்டுல, தொப்பியோட, ஆமா, அவருதான்.

பயப்படாதீங்க, ஏறினதுமே தூங்கிட்டாரு. மிலிட்டரிக்காரங்க அப்படித்தான், படுத்தா அடிச்ச தூக்கம். தோளு எப்படிக் குலுங்குது பாத்தீங்களா? இந்த ரோட்டை என்னைக்குத்தான் சரி பண்ணப் போறானோ.